ஒரே ஒரு தாடை எலும்பு, 25 மீட்டர் உடம்பு: இக்தியோடைட்டன் கணக்கு எப்படி?

அலைவாய்க்கரை (கேள்வி)

வணக்கம். இக்தியோடைட்டன் பற்றி 2024 ஏப்ரலில் செய்தி வந்தபோதே படித்தேன், ஆச்சரியப்பட்டதோடு சரி. இப்போது ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் புதைபடிவம் பற்றிப் பாடம் வந்திருக்கிறது. அதற்காக மறுபடி தேடி எடுத்து அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்ட கேள்விகளுக்குச் செய்திகளில் பதிலே இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரையில் புளூ ஆங்கர் என்ற இடத்தில் 2020 மே மாதம் ஜஸ்டின் ரெனால்ட்ஸ் என்பவரும் அவருடைய 11 வயது மகள் ரூபியும் ஃபாசில் தேடிப் போயிருக்கிறார்கள், பெரிய எலும்புத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. நான்கு வருடம் கழித்து, அது ஏறக்குறைய 20.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, சுமார் 25 மீட்டர் நீளமுள்ள ஒரு கடல் ஊர்வனவின் எலும்பு என்று ஆய்வுக் கட்டுரை வந்தது. இக்தியோடைட்டன் செவர்னென்சிஸ் என்று பெயரும் வைத்தார்கள். கிடைத்தது என்னவோ கீழ்த்தாடையில் ஒரே ஒரு எலும்புதான். முதுகெலும்பு இல்லை, துடுப்பு இல்லை, பல்லுகூட இல்லை.

மகள் கேட்பது நியாயமாகத்தான் இருக்கிறது. உடைந்து கிடந்த துண்டைப் பார்த்து அது கால் எலும்பா, விலா எலும்பா, தாடையா என்று எப்படிச் சொன்னார்கள்? திமிங்கலத்தின் எலும்பாக இருக்கக்கூடாதா? அப்படியே தாடை என்றாலும், உடம்பைப் பார்க்காமல் 25 மீட்டர் என்ற எண் எங்கிருந்து வந்தது? இதற்கு நடுவில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இதையே "உலகின் மிகப்பெரிய டைனோசர்" என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார், அது சரியா என்றும் தெரியவில்லை.

துறை தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள். அவள் பொறுமையாகக் கேட்பாள்.

பாறைமடிப்பு

நல்ல கேள்வி, உங்கள் மகளுக்கு என் அன்பு. நிலவியல் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாகப் போகும்.

முதலில் அந்த வாட்ஸப் விஷயத்தை முடித்துவிடலாம். இது டைனோசர் இல்லை, இக்தியோசர். இக்தியோசர்கள் தனிக் கூட்டம். நிலத்தில் வாழ்ந்த ஊர்வன சில கடலுக்குத் திரும்பி, கால்கள் துடுப்பாகி, மீன் போன்ற உடல்வாகு பெற்று வந்த வம்சம். நீரிலேயே வாழ்ந்தாலும் மேலே வந்து காற்றைத்தான் சுவாசித்தன, முட்டை இடாமல் குட்டி போட்டன. டைனோசர்கள் நிலத்தில் இருந்த அதே காலத்தில் இவை கடலில் இருந்தன, அவ்வளவுதான் தொடர்பு.

திமிங்கலமும் இல்லை. அதற்குக் காலமே சாட்சி, திமிங்கலங்களின் மூதாதையர் கடலுக்கு வந்தது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இந்த எலும்பு கிடைத்த வெஸ்ட்பரி மட்ஸ்டோன் என்ற கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறை அடுக்கு டைனோசர்கள் தோன்றிய ட்ரயாசிக் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, அப்போது பாலூட்டிகள் என்றால் எலி அளவு உயிர்கள்தான். அப்புறம் இன்னொன்று, பாலூட்டிகளுக்குக் கீழ்த்தாடை பக்கத்துக்கு ஒரே எலும்பு. நமக்கும் அப்படித்தான், திமிங்கலத்துக்கும் அப்படித்தான். ஊர்வனவற்றுக்குப் பல எலும்புகள் சேர்ந்துதான் ஒரு பக்கத் தாடை. அதில் பின்பகுதியில், மேல் விளிம்பை ஒட்டி நீளமாகக் கிடக்கும் எலும்புக்குச் சுராங்குலர் என்று பெயர். இக்தியோடைட்டனில் கிடைத்தது அதுதான்.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம், ஏனென்றால் கதை ரூபியிடம் தொடங்கவில்லை. 2016 மே மாதம் அதே கடற்கரையோரம் லில்ஸ்டாக் என்ற இடத்தில் பால் டி லா சால் என்ற ஃபாசில் சேகரிப்பாளருக்கு ஒரு பெரிய துண்டு கிடைத்தது. முதலில் வெறும் பாறை என்றுதான் நினைத்தார். பிறகு அதில் ஓடிய ஒரு பள்ளத்தையும் எலும்பின் அமைப்பையும் கவனித்து, இது இக்தியோசராக இருக்கலாம் என்று டீன் லோமாக்ஸ், ஜூடி மசாரே என்ற இரண்டு ஆய்வாளர்களைத் தொடர்புகொண்டார். மறுபடி போய்த் தேடியதில் இன்னும் சில துண்டுகள் கிடைத்தன. எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தால் 96 சென்டிமீட்டர், அதுவும் முழுமையில்லை, முனை போய்விட்டது.

லோமாக்ஸும் மசாரேயும் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊகம் செய்யவில்லை. கனடாவில் ராயல் டிரெல் அருங்காட்சியகத்தில் ஷோனிசாரஸ் சிகானியென்சிஸ் என்ற மாபெரும் இக்தியோசரின் எலும்புக்கூடு இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிகானி சீஃப் என்ற ஆற்றங்கரையில் கிடைத்தது, எலிசபெத் நிக்கோல்ஸ் தலைமையில் தோண்டி எடுத்து 2004ல் பெயரிட்டார்கள், நீளம் 21 மீட்டர் என்று கணக்கு. அதன் சுராங்குலர் எலும்பை நேரில் பார்த்து ஒப்பிட்டார்கள். எலும்பின் வளைவு, தசை பிடித்திருந்த மேடு, பள்ளம் ஓடும் திசை எல்லாம் ஒத்துப்போயின. லில்ஸ்டாக் எலும்பு அதைவிட ஏறக்குறைய 25 சதவீதம் பெரிதாக இருந்தது. 21 மீட்டரை 1.25ஆல் பெருக்கினால் 26 மீட்டர் சொச்சம். உங்கள் மகள் கேட்ட எண்ணின் பிறப்பிடம் இந்தப் பெருக்கல்தான், மந்திரம் எதுவும் இல்லை. 2018ல் இதைக் கட்டுரையாகப் போட்டார்கள்.

ஆனால் அப்போது புதுப்பெயர் வைக்கவில்லை, அதைக் கவனியுங்கள். முனை உடைந்த ஒற்றை எலும்பு, அதன் தனித்தன்மை என்று தெரிவது உண்மையிலேயே அந்த இனத்தின் அடையாளமா, அல்லது அந்த ஒரு விலங்கில் மட்டும் இருந்த வேறுபாடா, அல்லது கடல் தேய்த்ததா என்று சொல்ல வழியில்லை. ரூபியும் அவர் அப்பாவும் கண்டெடுத்தது அந்த இடைவெளியை நிரப்பியது. அதே எலும்பு, அதே பாறை அடுக்கு, ஆனால் இன்னும் முழுமையாக, முழு நீளம் 2 மீட்டருக்கு மேல். இரண்டிலும் அதே வடிவம், அதே விநோதங்கள். இரண்டு வெவ்வேறு விலங்குகளில் ஒரே அமைப்பு திரும்ப வந்தால் அது தற்செயல் இல்லை. 2024ல் துணிந்து பெயர் வைத்ததற்குக் காரணம் அந்த இரண்டாவது எலும்பு.

2 மீட்டர் என்றால் எவ்வளவு என்று அவளுக்குப் புரிய ஒரு கணக்கு: நெவாடாவில் கிடைத்து 2021ல் பெயர் பெற்ற சிம்போஸ்பாண்டிலஸ் யங்கோரம் என்ற இக்தியோசர் 17 மீட்டர் நீளம் என்று கணித்திருக்கிறார்கள், அதன் மொத்த மண்டையோடே 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே தாடையின் பின்பகுதி எலும்பு ஒன்று மட்டும் அதைத் தாண்டுகிறது.

உப்புக்காற்று

பாறைமடிப்பு சொன்னது தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் அந்தப் பெருக்கலில் எனக்கு உடன்பாடு இல்லை என்று சொல்லியே ஆக வேண்டும். தாடை 25 சதவீதம் பெரிது என்றால் உடம்பும் 25 சதவீதம் பெரிது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தலை பெருத்து உடம்பு குட்டையான விலங்குகள் எத்தனையோ இருக்கின்றன. முதலைகளிலேயே இனத்துக்கு இனம் தலைக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் மாறும். இது போதாதென்று, எதனோடு ஒப்பிடுகிறார்களோ அந்த ஷோனிசாரஸின் 21 மீட்டரே ஒரு மதிப்பீடுதானே, மதிப்பீட்டின் மேல் மதிப்பீடு. தலைப்புச் செய்தியில் "25 மீட்டர்" என்று போட்டுவிட்டால் மக்கள் டேப் வைத்து அளந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அறிவியல் செய்தி எழுதுகிறவர்கள் இதில் பொறுப்போடு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாறைமடிப்பு

உப்புக்காற்று, நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி, அதை ஆய்வாளர்களே மறுக்க மாட்டார்கள். 2018 கட்டுரையிலேயே அவர்கள் ஒரே விலங்கோடு நிறுத்தவில்லை. பெசானோசாரஸ் என்ற, எலும்புக்கூடு நன்றாகத் தெரிந்த, உடல் விகிதம் வேறான சிறிய இக்தியோசரோடும் ஒப்பிட்டார்கள். அந்தக் கணக்கில் 22 மீட்டர் வந்தது. எந்த உறவினரை அளவுகோலாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் நாலைந்து மீட்டர் நகர்கிறது, அதனால்தான் அப்போது 20 முதல் 25 மீட்டர், அதற்குக் கொஞ்சம் மேலும் போகலாம் என்கிற மாதிரி ஒரு வீச்சாகச் சொன்னார்கள். செய்தித்தாள்தான் வீச்சை வெட்டி ஒற்றை எண்ணாக்குகிறது.

ஆனால் ஒன்று. முதலையோடு ஒப்பிடுவதைவிட அந்த ஷோனிசாரஸ் கூட்டத்தோடு ஒப்பிடுவது பலமான வாதம், ஏனென்றால் எலும்பின் அமைப்பு அந்தக் கூட்டத்தோடுதான் பொருந்துகிறது. எவ்வளவு கஞ்சமாகக் கணக்குப் போட்டாலும் 20 மீட்டரை ஒட்டித்தான் வந்து நிற்கிறது. இதுவரை தெரிந்த கடல் ஊர்வனவற்றில் மிகப் பெரியதாக இருக்கலாம் என்று அவர்கள் சொல்வது அந்த அடிப்படையில்தான். நீலத்திமிங்கலம் 30 மீட்டர் வரை வளர்கிறது, எனவே நீளத்தில் அதன் பக்கத்தில் வைத்துப் பேசலாம். எடையைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், உடம்பின் சுற்றளவு தெரியாமல் எடை பேசுவதில் அர்த்தம் இல்லை.

நுண்கண்

எலும்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்த பகுதியை யாருமே சொல்லவில்லையே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நான் வேலை செய்வது வேறு துறை, ஆனால் மெல்லிய வெட்டு தயார்செய்து நுண்ணோக்கியில் பார்ப்பது என் அன்றாட வேலை, அதனால் இதை ஆர்வமாகப் படித்தேன்.

வெளித்தோற்றம் ஏமாற்றலாம். கடல் உருட்டி, முனை மழுங்கி, உருளையாகிப் போன எலும்புத் துண்டு கால் எலும்பின் நடுத்தண்டு மாதிரியே தெரியும். அப்படித்தான் நடந்தும் இருக்கிறது. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில், செவர்ன் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி ஆஸ்ட் கிளிஃப் என்ற செங்குத்துக் கரை இருக்கிறது. அங்கே 1850லிருந்தே பெரிய பெரிய உருளை எலும்புகள் கிடைத்து வந்தன. நீண்ட காலமாக அவற்றைப் பலவகை டைனோசர்களின் கால் எலும்புகள் என்றே சொல்லிவந்தார்கள். ட்ரயாசிக் காலத்திலேயே இவ்வளவு பெரிய டைனோசர்களா என்று அதை வைத்து விவாதங்கள் கூட நடந்தன. லில்ஸ்டாக் எலும்பைப் பார்த்த பிறகுதான், 2018ல், ஆஸ்ட் எலும்புகளும் இக்தியோசர் தாடைத் துண்டுகளாக இருக்கலாம் என்று அந்தக் குழு திருப்பிப் போட்டது.

இருக்கலாம் என்பதை உறுதியாக்க உள்ளே பார்க்க வேண்டும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் மார்செலோ பெரில்லோவும் மார்ட்டின் சாண்டரும் செய்தது அதுதான். எலும்பிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, பிசினில் பதித்து, கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துக்கொண்டே போவார்கள். தேய்க்கும்போது அவசரப்பட்டால் மாதிரியே போய்விடும், கை நிதானம் வேண்டும். அதை முனைவாக்கிய ஒளியில் (ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளி) வைத்துத் திருப்பினால் எலும்பில் இருந்த கொலாஜன் என்ற புரத நார்கள் எந்தத் திசையில் ஓடின என்பது வெளிச்சமும் இருட்டுமாகத் தெரியும். 20 கோடி வருடம் ஆன பிறகும் அந்த ஒழுங்கு அழியாமல் இருப்பதை ஒருமுறை நேரில் பார்த்தால் யாருக்கும் மனம் லயித்துவிடும். இந்த ராட்சத எலும்புகளில் அவர்கள் கண்டது, நீளவாக்கில் ஓடும் தடித்த நார்க்கட்டுகள், அவற்றைச் சுற்றிப் பின்னினாற்போல் எலும்பு படிந்திருக்கும் ஒரு விசித்திர அமைப்பு. டைனோசர் கால் எலும்பில் இப்படி இருக்காது. இங்கிலாந்தின் லில்ஸ்டாக், ஆஸ்ட், ஜெர்மனியின் போனன்பர்க் என்று வெவ்வேறு இடத்து மாதிரிகளில் இதே அமைப்பு வந்தது. நூற்று எழுபது வருடப் பழைய புதிருக்கு வெளிச்சம் கிடைத்தது இப்படித்தான். அந்தக் கட்டுரையும் 2024 ஏப்ரலில்தான் வந்தது.

புளூ ஆங்கர் எலும்பையும் பெரில்லோ பார்த்திருக்கிறார். அதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம்: ஒரு விலங்கு முழு வளர்ச்சி அடைந்து நின்றுவிட்டால் எலும்பின் வெளி விளிம்பில் வளர்ச்சிக் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்து முடியும். இங்கே அந்த அடையாளம் இல்லை. அதாவது சாகும்போது அது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. உப்புக்காற்று, 25 மீட்டர் மிகைப்படுத்தல் என்று நீங்கள் கவலைப்படுவது புரிகிறது, ஆனால் இந்தப் பக்கமும் ஒரு தராசுத் தட்டு இருக்கிறது.

கூழாங்கல்

இரண்டு விஷயம் சேர்க்க ஆசைப்படுகிறேன்.

ஒன்று, "சிறுமி கண்டுபிடித்தாள்" என்ற ஒற்றை வரியோடு எல்லா ஊடகமும் நின்றுவிட்டது. நடந்தது அதைவிட அழகு. முதல் துண்டை எடுத்தது அப்பா ஜஸ்டின். ரூபி அதோடு திரும்பாமல் தேடிக்கொண்டே போய், சேற்றுச் சரிவில் பாதி புதைந்து கிடந்த இன்னும் பெரிய துண்டைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் லில்ஸ்டாக் கட்டுரையைப் படித்து, இது அதுவாக இருக்குமோ என்று லோமாக்ஸுக்கு எழுதியிருக்கிறார்கள். லோமாக்ஸ் உடனே டி லா சாலைத் தொடர்புகொண்டு, எல்லோரும் சேர்ந்து அந்தக் கரையைச் சலித்திருக்கிறார்கள். கடைசித் துண்டு கிடைத்தது 2022 அக்டோபரில். ஒரு துண்டின் உடைந்த விளிம்பு இன்னொன்றின் விளிம்போடு அப்படியே பொருந்தியதை வைத்துத்தான் எல்லாம் ஒரே எலும்பு என்று உறுதி செய்தார்கள். மாதக்கணக்கில் சேற்றிலும் அலையிலும் தனித்தனியாகக் கிடந்தவை மேஜைமேல் வந்து விளிம்போடு விளிம்பு சேரும் அந்த நொடியை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஜஸ்டின் பெயரும் ரூபி பெயரும் இருக்கின்றன, டி லா சால் பெயரும் இருக்கிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இதே இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற ஊரில் 1811ல் ஜோசப் ஆனிங் ஓர் இக்தியோசர் மண்டையோட்டைக் கண்டார், அவர் தங்கை மேரி ஆனிங் அடுத்த வருடம் மீதி உடம்பைக் கண்டுபிடித்தாள், அவளுக்கு அப்போது வயது 12, 13 இருக்கும். அந்த எலும்புக்கூட்டைப் பற்றி 1814ல் எவரார்ட் ஹோம் எழுதிய கட்டுரையில் ஆனிங் பெயரே வரவில்லை. வாழ்நாள் முழுக்க மேரி கண்டெடுத்ததை வைத்து மற்றவர்கள் பெயர் வாங்கினார்கள். இப்போது ஒரு பள்ளி மாணவியின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் ஆய்வாளர்களோடு சமமாக வருகிறது என்றால், அந்தத் துறை தன் பழைய பாக்கியைக் கொஞ்சமாவது தீர்த்திருக்கிறது.

அலைவாய்க்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று மாலை மகளோடு உட்கார்ந்து முழுவதையும் படித்தோம். பாலூட்டிக்குத் தாடையில் பக்கத்துக்கு ஒரே எலும்பு என்று படித்ததும் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய அடுத்த கேள்வி, மீதி உடம்பு எங்கே போச்சு? தாடை இவ்வளவு பெரிது என்றால் முதுகெலும்பெல்லாம் எவ்வளவு பெரிதாக இருக்கும், அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? என்னுடைய கேள்வியும் ஒன்று உண்டு, இப்படிப்பட்டவை நம் பக்கம் ஏதாவது கிடைத்திருக்கிறதா?

பாறைமடிப்பு

மீதி உடம்புக்குப் பல வழிகள் உண்டு. இவ்வளவு பெரிய பிணம் கடலில் மிதக்கும்போதே அழுக ஆரம்பிக்கும். கீழ்த்தாடை சீக்கிரம் கழன்று விழும் பாகங்களில் ஒன்று. உடம்பு ஒரு பக்கம் போகும், தாடை ஒரு பக்கம் புதையும். அப்புறம் புதைந்தது மேலே வரும்போது இன்னொரு சோதனை. அந்தப் பிரிஸ்டல் கால்வாய்ப் பகுதியில் கடல் ஏற்ற இறக்கம் உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று, உச்சத்துக்கும் தாழ்வுக்கும் 14 மீட்டர் வரை வித்தியாசம் வரும். கரைப்பாறை சரிந்து விழும், ஒரு நாளில் இரண்டு முறை அலை வந்து உருட்டும். எலும்பு வெளியே தெரிந்து, அது பொடியாவதற்குள் யாராவது ஒருவர், அதுவும் பார்த்தால் அடையாளம் தெரிந்த ஒருவர், அந்த இடத்தில் நிற்க வேண்டும். அதனால்தான் சேகரிப்பாளர்கள் வருடக்கணக்கில் ஒரே கரையை நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

மற்ற நாடுகளில் உடம்பின் வேறு பாகங்கள் வந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில், இன்று 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாறையில், ஏறக்குறைய அதே காலத்து ராட்சத இக்தியோசர்களின் முள்ளெலும்புகளும் விலா எலும்புகளும் ஒரு பல்லும் கிடைத்தன, 2022ல் கட்டுரை வந்தது. அந்தப் பல்லின் வேர் மட்டும் 6 சென்டிமீட்டர் குறுக்களவு. கடலடி மலையுச்சியாவதற்கு 20 கோடி வருடம் தாராளமாகப் போதும். ஆனால் அது இக்தியோடைட்டன்தான் என்று சொல்ல முடியாது, ஒரே எலும்பு இரண்டு இடத்திலும் கிடைத்தால்தான் ஒப்பிட முடியும்.

இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். கனடாவின் ஷோனிசாரஸும் திபெத்தில் கிடைத்த ஹிமாலயசாரஸும் இதைவிட ஏறக்குறைய 1.3 கோடி ஆண்டுகள் மூத்தவை. அவற்றோடு ராட்சதர்கள் முடிந்துவிட்டார்கள் என்ற எண்ணம் இருந்தது. சாமர்செட் எலும்புகள் வந்த பிறகு, ட்ரயாசிக் முடிவில் 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏராளமான உயிரினங்கள் ஒன்றாக அழிந்துபோன அந்தப் பேரழிவின் வாசல்வரைக்கும் இவை இருந்தன என்று தெரிகிறது. அதற்குப் பிறகும் இக்தியோசர்கள் பத்துக் கோடி ஆண்டுகள் வாழ்ந்தன, ஆனால் இந்த அளவுக்கு மறுபடி வளரவே இல்லை. என்னைப் பொறுத்தவரை நீளத்தைவிடப் பெரிய செய்தி இது.

காரைக்காட்டான்

நம் பக்கம் பற்றிக் கேட்டதால் வந்தேன். பெரம்பலூர் மாவட்டத்துக்காரன், காரைப் பக்கம் அந்த வெட்டுண்ட மண்மேடுகளைப் பார்த்து வளர்ந்தவன்.

இக்தியோடைட்டன் மாதிரி ராட்சதன் இந்தியாவில் கிடைக்கவில்லை, அதன் காலத்துக் கடற்படிவும் நம் ஊரில் இல்லை. ஆனால் இக்தியோசர் கிடைத்திருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியில் லோடாய் கிராமத்துக்குப் பக்கத்தில் ஏறக்குறைய முழு எலும்புக்கூடாகவே வந்தது, 5.5 மீட்டர் நீளம், வயது 15 கோடி ஆண்டுகள் சொச்சம், குண்டுப்பள்ளி பிரசாத் குழு 2017ல் கட்டுரை போட்டது.

நம் ஊர்க் கதை இன்னும் பழையது, இந்தத் திரிக்கு ரொம்பப் பொருத்தமும்கூட. அரியலூர், பெரம்பலூர் பகுதி, டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடி. காரையில் மழை அரித்த சரிவுகளில் நடந்தால் களிமண்ணில் ஜிப்சம் கண்ணாடிச் சில்லு மாதிரி வெயிலில் மின்னும், அதற்கிடையில் விரல் நீளத்துக்குக் கூராகப் பெலம்னைட்டுகள், அதாவது கணவாய் போன்ற பழங்கால உயிர்களின் உள் ஓடுகள், கிடக்கும். ஊட்டத்தூர் படிவு என்று சொல்லப்படும் இந்தப் பக்கத்துப் பாறை அடுக்கிலிருந்து கிடைத்த சில முள்ளெலும்புகளை வைத்து ரிச்சர்ட் லிடெக்கர் 1879லேயே இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்துவிட்டார். பிறகு அதை வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். இன்றைக்கு ஆய்வாளர்கள் அந்தப் பெயரையே ஏற்பதில்லை, ஏனென்றால் அந்த முள்ளெலும்புகளில் இது தனி இனம் என்று காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. இக்தியோசர் என்பது உறுதி, எந்த இக்தியோசர் என்பதற்கு அந்த எலும்புகள் போதாது. பாறைமடிப்பு மேலே சொன்ன எச்சரிக்கை, இரண்டாவது எலும்பு வரும்வரை பெயர் வைக்காமல் காத்திருந்தது, ஏன் அவசியம் என்பதற்கு நம் ஊட்டத்தூரே சான்று.

மகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள், காரையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிலம் பாடம் நடத்தும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வருகிற ஒவ்வொருவரும் பை நிறைய அள்ளிப் போனதில் முன்பு கால் வைக்கும் இடமெல்லாம் கிடந்தவை இப்போது தேடினால்தான் கிடைக்கின்றன. படம் எடுங்கள், கிடந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஏதாவது பட்டால் அசைக்காமல் விட்டுவிட்டு நிலவியல் துறை இருக்கிற பக்கத்துக் கல்லூரிக்குச் சொல்லுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் எலும்பின் மதிப்பில் பாதி போய்விடும்.

உப்புக்காற்று

காரைக்காட்டான் சொன்ன லிடெக்கர் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. நுண்கண் சொன்ன வளர்ச்சிக்கோடு வாதத்தையும் ஏற்றுக்கொள்கிறேன், அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. வீச்சைச் சொல்லாமல் ஒற்றை எண்ணைப் போடும் தலைப்புச் செய்திகள் மேல் உள்ள புகார் அப்படியேதான் இருக்கிறது.

அலைவாய்க்கரை, மூலக் கட்டுரை பிளாஸ் ஒன் இதழில் இலவசமாகவே கிடைக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். மொழி கடினமாக இருந்தாலும் படங்கள் போதும், புளூ ஆங்கர் எலும்பையும் லில்ஸ்டாக் எலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

கூழாங்கல்

அந்த எலும்பை நேரில் பார்க்க வேண்டும் என்றால் பிரிஸ்டல் அருங்காட்சியகம். அங்கே உறவினர்கள் யாராவது இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஒரு ஆளைப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தால்தான் அளவு தெரியும்.

அலைவாய்க்கரை

கட்டுரையை இறக்கிவிட்டேன், மகள் இரண்டு எலும்புப் படத்தையும் பென்சிலில் வரைந்துகொண்டிருக்கிறாள். காரைக்காட்டான், பொங்கல் விடுமுறையில் வரலாம் என்று இருக்கிறோம். வெயில் எப்படி இருக்கும், காலையில் எத்தனை மணிக்கு வந்தால் நல்லது?

காரைக்காட்டான்

தை மாசம் நல்ல நேரம், மழையில் புதிதாக அரிபட்டிருக்கும். ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், சாய்ந்த வெளிச்சத்தில்தான் மண்ணில் கிடப்பவை நிழலோடு எடுப்பாகத் தெரியும். பதினொரு மணிக்கு மேல் நிழலுக்கு ஒதுங்க இடமே கிடையாது, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு மூடிய செருப்பு போட்டுக் கூட்டி வாருங்கள்.